பிரெபன் வான் மாக்னஸ்

பிரெபன் வான் மாக்னஸ் (1912 – 1973) டென்மார்க் நாட்டைச் சேர்ந்த மருத்துவரும் தீநுண்மியியல் அறிஞரும் ஆவார். தீநுண்மி (வைரசு) பெருகும்போது, தொற்றும் ஆற்றல் அற்ற, முழுமை பெறாத துணிக்கைகளும் உடன் உருவாகின்றன. இன்ஃபுளுயன்சா தீநுண்மியில் இத்தகைய துணிக்கைகள் எப்போது, எவ்வளவு தோன்றுகின்றன என்பதை முறையாக அளந்து காட்டியவர் இவர். அந்நிகழ்வு இவர் பெயராலேயே வான் மாக்னஸ் விளைவு என்று வழங்கப்படுகிறது. டென்மார்க்கின் இளம்பிள்ளைவாதத் தடுப்பூசித் திட்டத்தை இவரும் இவருடைய மனைவி எர்டிஸ் வான் மாக்னசும் முன்னின்று நடத்தினர். குரங்கம்மைத் தீநுண்மியை 1958 ஆம் ஆண்டில் முதன்முதலில் கண்டறிந்த குழுவுக்குத் தலைமை தாங்கியவரும் இவரே.

இம்மூன்று பணிகளும் தம்முள் தொடர்பற்றவை போலத் தோன்றினும், ஒன்றிலிருந்து மற்றொன்று கிளைத்தவை. கோழி முட்டையில் தொடங்கிய ஆய்வு குழந்தைகளுக்கான தடுப்பூசிக்கும், தடுப்பூசிக்காக வரவழைக்கப்பட்ட குரங்குகள் புதியதொரு நோயின் கண்டுபிடிப்புக்கும் இட்டுச் சென்றன. கோழிப் பண்ணைகளும் கறவை மாடுகளும் வெளிமாநிலத் தொழிலாளர் குடும்பங்களும் மிகுந்த ஓசூர், கிருஷ்ணகிரி போன்ற எல்லையோர வட்டாரங்களில் இவரது பணியின் பயன் இன்றும் காணத்தக்கது.

வாழ்க்கை

மாக்னஸ் மருத்துவம் பயின்று, பின்னர் கோபன்ஹேகன் நகரிலுள்ள அரசு ஊநீர் நிறுவனத்தில் ஆய்வாளராகப் பணியாற்றினார். 1902 ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற இந்நிறுவனம் தொண்டை அடைப்பான் நோய்க்கான எதிர்நஞ்சு ஊநீரைத் தயாரித்துப் புகழ்பெற்றது. நாட்டுக்குத் தேவையான தடுப்பு மருந்துகளைத் தயாரிப்பது, நோய்களைக் கண்டறிவது, அடிப்படை ஆராய்ச்சி செய்வது ஆகிய மூன்று வேலைகளும் அங்கு ஒரே கூரையின் கீழ் நடைபெற்றன. நம் நாட்டில் கிண்டி கிங் நிறுவனத்தையும் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தையும் இதற்கு ஒப்பாகக் கூறலாம். மருந்து தயாரிக்கும் இடத்திலேயே ஆராய்ச்சியும் நடந்தமையால், தயாரிப்பில் ஏற்படும் சிக்கல்கள் உடனுக்குடன் ஆய்வுப் பொருளாயின. மாக்னசின் பணியைப் புரிந்துகொள்ள இச்சூழலை நினைவில் கொள்ளுதல் வேண்டும்.

இவருடைய மனைவி எர்டிசும் (1912 – 1992) தீநுண்மியியல் அறிஞர். இருவரும் ஒரே நிறுவனத்தில் பணியாற்றினர். ஆய்வுக் கட்டுரைகள் சிலவற்றைச் சேர்ந்தே எழுதினர். ஆய்வகத்துச் சுண்டெலிகளிடம் இயல்பாகவே காணப்படும் மூளையழற்சித் தீநுண்மி முடிவுகளைக் குழப்பிவிடும் என்பதால், அத்தொற்றே இல்லாத எலிக் கூட்டம் ஒன்றை வளர்த்தெடுப்பது குறித்து அவர்கள் எழுதியது அவற்றுள் ஒன்று. பின்னாளில் மாக்னஸ் அந்நிறுவனத்தின் இயக்குநராகவும் விளங்கினார்.

முட்டையில் வளர்க்கப்பட்ட தீநுண்மி

இன்ஃபுளுயன்சாத் தீநுண்மி 1933 ஆம் ஆண்டில் மனிதரிடமிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில், கருவுற்ற கோழி முட்டைக்குள் அதை வளர்க்கும் முறை நிலைபெற்றது. ஆத்திரேலிய அறிஞர் மெக்ஃபர்லேன் பர்னெட் இம்முறையைச் செப்பமாக்கியவர்களுள் முதன்மையானவர். பத்து நாள் அளவில் அடைகாக்கப்பட்ட முட்டையின் ஓட்டில் சிறு துளையிட்டு, கருவைச் சூழ்ந்துள்ள நீர்மப்பை ஒன்றினுள் தீநுண்மியைச் செலுத்துவர். ஓரிரு நாள்களில் அப்பை நீரில் தீநுண்மி பெருகியிருக்கும். அந்நீரை எடுத்து அடுத்த முட்டையில் செலுத்தினால் அடுத்த தலைமுறை கிடைக்கும். தயிருக்கு உறை ஊற்றுவதைப் போன்றதே இது.

எவ்வளவு தீநுண்மி உள்ளது என்பதை அறிய இரு வழிகள் இருந்தன. முதலாவது, நீர்மத்தைப் பத்துப் பத்து மடங்காக நீர்த்து, ஒவ்வொரு நிலையிலும் சில முட்டைகளில் செலுத்தி, எந்த நிலை வரை தொற்று ஏற்படுகிறது என்று பார்ப்பது. இது உயிர்ப்புள்ள தீநுண்மியை மட்டுமே அளக்கும். முடிவு தெரிய நாள்களும் பிடிக்கும். இரண்டாவது முறை 1941 ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. இன்ஃபுளுயன்சாத் துணிக்கைகள் கோழியின் குருதிச் சிவப்பணுக்களில் ஒட்டி அவற்றைத் திரளச் செய்யும். எவ்வளவு நீர்த்த பின்னும் திரட்டல் நிகழ்கிறது என்று பார்த்தால், சிறிது நேரத்திலேயே துணிக்கைகளின் அளவு தெரிந்துவிடும். ஒட்டுவதற்குத் துணிக்கையின் மேலுறை போதும்; உள்ளே என்ன உள்ளது என்பது பொருட்டன்று. எனவே தொற்றும் துணிக்கை, தொற்றாத துணிக்கை ஆகிய இரண்டையும் இம்முறை வேறுபாடின்றி எண்ணும்.

இரண்டாவது முறை எளிதாக இருந்தமையால் ஆய்வாளர் பலர் அதனையே நம்பினர். மாக்னஸ் இரண்டையும் ஒருசேர அளந்து, ஒன்றை மற்றொன்றால் வகுத்துப் பார்த்தார். அவருடைய கண்டுபிடிப்பு முழுவதும் அந்த விகிதத்தில்தான் அடங்கியிருந்தது.

வான் மாக்னஸ் விளைவு

அவர் எடுத்துக்கொண்ட தீநுண்மிக் குலம், 1934 ஆம் ஆண்டில் புவேர்ட்டோ ரிக்கோவில் பிரித்தெடுக்கப்பட்டதும் ஆய்வகங்களில் பரவலாகப் பயன்படுவதுமான பி.ஆர்.8 ஆகும். முட்டையிலிருந்து எடுத்த நீர்மத்தைப் பல்லாயிரம் மடங்கு நீர்த்த பின் அடுத்த முட்டைக்குச் செலுத்தியபோது எல்லாம் வழக்கம் போல் நடந்தது. ஒரு திரட்டல் அலகுக்கு ஏறத்தாழப் பத்து லட்சம் தொற்று அலகுகள் என்ற விகிதம் தலைமுறை தோறும் மாறாதிருந்தது. ஆனால் நீர்க்காமல் அப்படியே செலுத்தினால் நிலைமை மாறியது. முதல் சுற்றிலேயே விகிதம் சரியத் தொடங்கியது. மூன்று சுற்றுகளுக்குள் அது ஆயிரம் அளவுக்கும் அதற்குக் கீழும் இறங்கியது. சிவப்பணுக்களைத் திரட்டும் ஆற்றல் ஓரளவு குறைந்தாலும் எஞ்சியிருந்தது. நோயை உண்டாக்கும் ஆற்றலோ பெரும்பாலும் மறைந்துபோனது. முட்டை நிறையத் துணிக்கைகள் உருவாகியிருந்தன, ஆனால் அவற்றுள் மிகப் பெரும்பாலானவை பெருக இயலாதவை.

விதை மிகுதியானால் விளைச்சல் கெடும் என்பது உழவர்க்குப் புதிய செய்தியன்று. எனினும் இங்கு நடந்தது வெறும் நெருக்கடி அன்று. கெட்டுப்போன நீர்மத்தையே மீண்டும் பெருமளவு நீர்த்துச் செலுத்தியபோது, அடுத்த தலைமுறையில் இயல்பான, முழுத் தொற்றுத்திறன் கொண்ட தீநுண்மி திரும்ப வந்தது. ஆகவே தீநுண்மிக் குலம் நிலையாக மாறிவிடவில்லை. ஒரே கலத்தினுள் பல துணிக்கைகள் ஒருங்கே நுழையும்போது மட்டும் இக்குறை தோன்றுகிறது. நீர்த்தபின் கலத்துக்கு ஒன்றாக நுழைந்தால் தோன்றுவதில்லை. நீர்க்காமலேயே பல சுற்றுகள் தொடர்ந்தால் தொற்றுத்திறன் தாழ்வதும் ஏறுவதுமாக அலைவதையும் காணலாம்.

இது குறித்த முதல் கட்டுரைகள் 1947 ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டு அறிவியல் இதழ் ஒன்றில் வெளிவந்தன. அவற்றுள் ஒன்றை ஸ்வீடிய அறிஞர் ஸ்வென் கார்டுடன் இணைந்து எழுதினார். மிகைவேக மையவிலக்கியில் சுழற்றியபோது தொற்றாத துணிக்கைகள் இயல்பான துணிக்கைகளைவிட மெதுவாகப் படிந்தன என்பதை அவ்விருவரும் காட்டினர். அதாவது அவை எடை குறைந்தவை. உள்ளீட்டில் ஏதோ ஒன்று விடுபட்டவை. 1951 ஆம் ஆண்டில் பி.ஆர்.8 குலம் பற்றிய தொடர் கட்டுரைகளும், 1954 ஆம் ஆண்டில் முழுமையுறாத் தீநுண்மி பற்றிய விரிவான மதிப்பாய்வும் வெளிவந்தன. பின்வந்த ஆய்வாளர்கள் பெரும்பாலும் இம்மதிப்பாய்விலிருந்தே தொடங்கினர்.

இக்கருத்து உடனடியாக ஏற்கப்படவில்லை. முட்டைகள் மனித உடல் வெப்ப அளவில் வைக்கப்படுவதால், முழுமையாக உருவான தீநுண்மியே வெப்பத்தில் செயலிழந்து போயிருக்கக்கூடும் என்று சிலர் ஐயுற்றனர். இந்த ஐயம் நியாயமானதே. ஆனால் வெப்பத்தால் செயலிழந்த தீநுண்மி மையவிலக்கியில் இலேசாகிவிடுவதில்லை. மேலும், அறுவடையை முன்கூட்டியே செய்தாலும் குறைத்துணிக்கைகள் இருந்தன. அவை பிறக்கும்போதே குறையுடன் பிறந்தவை. இன்ஃபுளுயன்சாவின் மரபுப்பொருள் எத்தகையது என்பது தெளிவாகாத காலம் அது. டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருள் வடிவம் வெளிவந்ததே 1953 ஆம் ஆண்டில்தான். எது விடுபட்டுள்ளது என்று கூற வழியில்லாத நிலையில், ஏதோ விடுபட்டுள்ளது என்பதை அளவைகளால் மட்டுமே நிறுவியது இப்பணியின் தனிச்சிறப்பு.

குறைத்துணிக்கைகள் வெறும் கழிவும் அல்ல. அவை முழுத் தீநுண்மியின் பெருக்கத்தைத் தடுத்தன. உயிரற்ற தீநுண்மி உயிருள்ளதைத் தடுக்கும் இயல்பு முன்னரே அறியப்பட்டிருந்தது. அதே வினாவை வேறு வழியில் தொடர்ந்த அலிக் ஐசக்சும் ஜீன் லிண்டன்மானும் 1957 ஆம் ஆண்டில் இலண்டனில் இன்டர்ஃபெரானைக் கண்டறிந்தனர். இவ்விரு தடுப்புகளையும் ஒன்றெனக் கருதுதல் தவறு. இன்டர்ஃபெரான் என்பது தாக்கப்பட்ட கலம் சுரக்கும் பொருள். குறைத்துணிக்கையோ முதன்மையாகக் கலத்தினுள் முழுத் தீநுண்மியோடு போட்டியிட்டு அதன் வளங்களைப் பறித்துக்கொள்கிறது. எனினும் குறைத்துணிக்கைகள் இன்டர்ஃபெரான் சுரப்பையும் தூண்டவல்லவை என்பது பின்னர் தெரியவந்தது.

இன்ஃபுளுயன்சாக் கண்காணிப்பில் உலக சுகாதார அமைப்பு ஏற்படுத்திய வலையமைப்பில் கோபன்ஹேகன் நிறுவனம் இடம்பெற்றிருந்தது. தென்னிந்தியாவில் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் இன்ஃபுளுயன்சா மையம் அதே வலையமைப்பைச் சேர்ந்தது. 1957 ஆம் ஆண்டு மே மாதத்தில் ஆசிய இன்ஃபுளுயன்சா சிங்கப்பூரிலிருந்து கப்பல் வழியாகச் சென்னைக்கு வந்து, நாடு முழுவதும் பரவியது. 1958 தொடக்கம் வரை இந்தியாவில் பதிவானவை மட்டும் 44 லட்சத்துக்கு மேற்பட்ட நோயர்களும் ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்ட இறப்புகளும் ஆகும். அப்பரவலைக் குன்னூர் மையம் ஆராய்ந்து பதிவு செய்தது. கோபன்ஹேகனிலும் குன்னூரிலும் கருவி ஒன்றே: கருவுற்ற கோழி முட்டை.

இளம்பிள்ளைவாதத் தடுப்பூசி

1952 ஆம் ஆண்டின் பிற்பாதியில் கோபன்ஹேகன் நகரை இளம்பிள்ளைவாதம் கடுமையாகத் தாக்கியது. பிளெக்டம் மருத்துவமனையில் மூச்சுத் தசைகள் செயலிழந்த நோயர் முந்நூறு பேருக்கு மேல் சேர்க்கப்பட்டனர். செயற்கைச் சுவாசக் கருவிகளோ விரல்விட்டு எண்ணத்தக்கவை. மூச்சுக்குழலில் துளையிட்டு, இரப்பர்ப் பையைக் கையால் அழுத்தியே காற்றைச் செலுத்தும் முறையை பியோர்ன் இப்சன் என்ற மருத்துவர் புகுத்தினார். ஏறத்தாழ 1,500 மாணவர்கள் முறை வைத்து இரவும் பகலும் நோயரின் அருகில் அமர்ந்து பையை அழுத்தினர். இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவின் தொடக்கம் அதுவெனக் கொள்வர். அந்த ஆண்டைக் கண்ட நாட்டுக்குத் தடுப்பூசி என்பது அறிவியல் ஆர்வம் சார்ந்த பொருளாக மட்டும் இருக்கவில்லை.

ஜோனஸ் சால்க்கின் தடுப்பூசி, உயிருள்ள தீநுண்மியை ஃபார்மலின் கொண்டு செயலிழக்கச் செய்து தயாரிக்கப்படுவது. துணிக்கையின் மேலுறை சிதையாமல் இருக்க வேண்டும். தொற்றும் ஆற்றல் மட்டும் ஒழிய வேண்டும். மாக்னஸ் முட்டைகளில் அளந்து வந்த அதே வேறுபாடு இங்கு உயிர் காக்கும் அளவுகோலாயிற்று. இளம்பிள்ளைவாதத் தீநுண்மியில் இயல்பாகவே நூற்றுக்கணக்கான துணிக்கைகளுக்கு ஒன்று என்ற அளவிலேயே தொற்று ஏற்படுவதால், துணிக்கைகளை எண்ணி மட்டும் பாதுகாப்பை உறுதி செய்ய இயலாது.

டென்மார்க்கில் 1955 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடும் பணி தொடங்கியது. மருந்து முழுவதும் அரசு ஊநீர் நிறுவனத்திலேயே தயாரிக்கப்பட்டது. பணியை மாக்னஸ் இணையர் வழிநடத்தினர். அதே வாரங்களில் அமெரிக்காவில் பெரும் விபத்து நேர்ந்தது. கட்டர் நிறுவனம் தயாரித்த தடுப்பூசியில் உயிருள்ள தீநுண்மி எஞ்சியிருந்தமையால், அது போடப்பட்ட குழந்தைகள் பலருக்கும் அவர்களுடன் பழகியோருக்கும் வாதம் ஏற்பட்டது. பத்துப் பேர் இறந்தனர். அமெரிக்க அரசு தடுப்பூசித் திட்டத்தையே சில காலம் நிறுத்தியது. பிற நாடுகள் பலவும் தயங்கின. டென்மார்க் நிறுத்தவில்லை.

இது துணிச்சல் மட்டுமன்று. முதல் வகைத் தீநுண்மிக்கு அமெரிக்கர் பயன்படுத்திய மஹோனி என்னும் குலம் மிகக் கொடியது. கோபன்ஹேகன் நிறுவனம் அதற்கு மாறாக புரூன்கில்டு என்னும் கடுமை குறைந்த குலத்தைப் பயன்படுத்தியது. ஃபார்மலினில் தீநுண்மி ஒரே சீரான வேகத்தில் செயலிழக்கிறது என்ற சால்க்கின் கணக்கையும் வட ஐரோப்பிய அறிஞர்கள் அப்படியே ஏற்கவில்லை. நேரம் செல்லச் செல்ல வேகம் குறைகிறது என்றும், ஆகவே நேர்கோட்டுக் கணக்கை நம்பி முன்கூட்டியே நிறுத்தினால் உயிருள்ளவை எஞ்சும் என்றும் காட்டியவர், மாக்னசுடன் முன்பு கட்டுரை எழுதிய அதே ஸ்வென் கார்டு ஆவார். பிள்ளைகள் கூட்டமாக நிற்கும் பள்ளி வளாகத்தில், கணக்கில் ஒரு சிறு வளைவைக் காணத் தவறியதன் விலை என்ன என்பதைக் கட்டர் விபத்து உலகுக்குக் காட்டிவிட்டிருந்தது.

மருந்து போதிய அளவில் இல்லாமையால், தசைக்குள் முழு அளவு போடுவதற்கு மாறாகத் தோலுக்குள் சிறிதளவு போடும் முறையை டென்மார்க் கையாண்டது. தோலில் நோய் எதிர்ப்புக் கலங்கள் மிகுதியாக உள்ளமையால் சிறிய அளவே பலனளித்தது. இம்முறை பின்னர் பல பத்தாண்டுகள் பெரிதாகப் பேசப்படவில்லை. உலகளாவிய தட்டுப்பாடு ஏற்பட்டபோது 2016 ஆம் ஆண்டில் இந்தியா இம்முறைக்குத் திரும்பியது. தமிழ்நாடு, கர்நாடகம், ஆந்திரம் உள்ளிட்ட எட்டுப் பகுதிகளில், முழு அளவில் ஐந்தில் ஒரு பங்கான 0.1 மில்லிலிட்டர் மருந்தைக் குழந்தையின் ஆறாம் வாரத்திலும் பதினான்காம் வாரத்திலும் தோலுக்குள் செலுத்தும் முறை முதலில் புகுத்தப்பட்டது. ஓசூர்த் தொழிற்பேட்டையில் வேலை செய்து, எல்லைக்கு அப்பால் அத்திப்பள்ளியில் குடியிருக்கும் தொழிலாளியின் குழந்தைக்கு முதல் ஊசி ஒரு மாநிலத்திலும் அடுத்த ஊசி மற்றொரு மாநிலத்திலும் போடப்பட நேரலாம். இரு மாநிலங்களும் ஒருசேரத் தொடங்கியதால் அத்தகைய குடும்பங்களுக்கு முறை மாறவில்லை.

கோபன்ஹேகன் குரங்குகள்

இளம்பிள்ளைவாதத் தடுப்பூசிக்கான தீநுண்மி குரங்கின் சிறுநீரகக் கலங்களில் வளர்க்கப்பட்டது. இதனால் 1950களில் ஆசியாவிலிருந்து ஆயிரக்கணக்கான குரங்குகள் மேலைநாடுகளுக்கு அனுப்பப்பட்டன. இந்தியாவும் செம்முகக் குரங்குகளைப் பெருமளவில் ஏற்றுமதி செய்தது. வழியில் குரங்குகள் மூச்சுத்திணறி இறந்த நிகழ்வுக்குப் பின் 1955 ஆம் ஆண்டில் ஏற்றுமதி சில காலம் தடைசெய்யப்பட்டது; 1978 ஆம் ஆண்டில் முற்றிலும் நிறுத்தப்பட்டது.

கோபன்ஹேகன் நிறுவனத்துக்குச் சிங்கப்பூர் வழியாக நீள்வால் குரங்குகள் வந்துகொண்டிருந்தன. 1958 ஆம் ஆண்டின் கோடையிலும், மீண்டும் இலையுதிர் காலத்திலும் அவற்றினிடையே அம்மை போன்ற கொப்புளங்கள் தோன்றின. முதல் முறை குரங்குகள் வந்திறங்கிய 51 நாள்களுக்குப் பின்னும், இரண்டாம் முறை 62 நாள்களுக்குப் பின்னும் நோய் வெளிப்பட்டது. ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு விலங்குகளிடம் குறிகள் காணப்பட்டன. மாக்னசும் அவருடன் பணியாற்றியவர்களும் கொப்புளங்களிலிருந்து தீநுண்மியைப் பிரித்தெடுத்து முட்டைச் சவ்வில் வளர்த்தனர். மின்னணு நுண்ணோக்கியில் நோக்கினர். பெரியம்மை இனத்தைச் சேர்ந்தது என்றும், ஆயினும் அறியப்பட்ட பெரியம்மைத் தீநுண்மியினின்று வேறுபட்டது என்றும் கண்டு 1959 ஆம் ஆண்டில் விரிவாக எழுதினர். குரங்கில் முதலில் காணப்பட்டமையால் குரங்கம்மை என்ற பெயர் அமைந்தது. இப்பெயர் பொருத்தமானதன்று, அத்தீநுண்மியின் இயற்கை இருப்பிடம் ஆப்பிரிக்கக் காடுகளின் அணில் முதலிய கொறிவிலங்குகளே எனக் கருதப்படுகிறது.

அக்காலத்தில் இது ஆய்வகத்து விலங்கு நோயாகவே மதிக்கப்பட்டது. பெரியம்மை ஒழிப்பு இயக்கம் முடுக்கிவிடப்பட்ட பின்னரே அதன் முதன்மை உணரப்பட்டது. விலங்குகளில் மறைந்து வாழும் அம்மை ஒன்று மனிதரிடமும் பரவுமாயின் ஒழிப்பு முயற்சியே வீணாகிவிடக்கூடும் என்ற அச்சம் எழுந்தது. 1970 ஆம் ஆண்டில் காங்கோவில் ஒன்பது மாதக் குழந்தை ஒன்றிடம் முதல் மனித நோய் கண்டறியப்பட்டது. அது எளிதில் பரவவில்லை என்று தெரிந்து, 1980 ஆம் ஆண்டில் பெரியம்மை ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. மாக்னஸ் அவ்வறிவிப்பைக் காணவில்லை. 1973 ஆம் ஆண்டில் காலமானார். 2022 ஆம் ஆண்டில் குரங்கம்மை பல நாடுகளில் பரவியது. அவ்வாண்டு சூலையில் இந்தியாவின் முதல் நோயர் கேரளத்தின் கொல்லத்தில் கண்டறியப்பட்டார். நவம்பரில் உலக சுகாதார அமைப்பு நோயின் பெயரை எம்பாக்ஸ் என மாற்றியது.

குறை எங்கே இருந்தது

முழுமையுறாத் துணிக்கைகளில் விடுபட்டது எது என்பது மாக்னசின் காலத்துக்குப் பின்னரே தெளிவாயிற்று. வேறு தீநுண்மிகளிலும் இத்தகைய துணிக்கைகள் காணப்பட்டமையால், 1970 ஆம் ஆண்டில் ஆலிஸ் அவாங்கும் டேவிட் பால்டிமோரும் அவற்றுக்குக் குறுக்கிடும் குறைத்துணிக்கைகள் என்ற பொதுப்பெயரை இட்டனர். இன்ஃபுளுயன்சாவின் மரபுத்தொகுதி எட்டு ஆர்.என்.ஏ. துண்டுகளால் ஆனது. இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய தேபி பிரசாத் நாயக்கும் அவர் குழுவினரும், குறைத்துணிக்கைகளில் இத்துண்டுகளுள் நீளமானவற்றின் நடுப்பகுதி நீங்கி இரு முனைகள் மட்டும் எஞ்சியிருப்பதை 1970களின் இறுதியில் தொடங்கிய ஆய்வுகளில் காட்டினர். ஏறத்தாழ 2,300 எழுத்துகள் கொண்ட துண்டு சில நூறு எழுத்துகளாகச் சுருங்கிவிடுகிறது.

படியெடுக்கும் நொதி முனைகளைக் கொண்டே துண்டை அடையாளம் காண்கிறது. முனைகள் இருப்பதால் குறுகிய துண்டும் படியெடுக்கப்படுகிறது. குறுகியது என்பதால் விரைவாகவும் மிகுதியாகவும் படியெடுக்கப்படுகிறது. நடுப்பக்கங்கள் கிழிந்த ஏட்டை ஒருவர் படியெடுத்து முடிக்கும் நேரத்தில் முழு ஏட்டைப் படியெடுப்பவர் முதல் அதிகாரத்தையே தாண்டியிருக்கமாட்டார். ஆனால் கிழிந்த ஏட்டைக் கொண்டு தனியே பெருக முடியாது. அருகில் முழுத் தீநுண்மி ஒன்று இருந்தாக வேண்டும். ஒரே கலத்தில் பல துணிக்கைகள் நுழையும்போது மட்டும் விளைவு தோன்றுவதும், நீர்த்தால் மறைவதும், தொற்றுத்திறன் ஏறி இறங்குவதும் இதனால் விளங்குகின்றன. 1947 ஆம் ஆண்டின் அளவைகள் எதையும் திருத்த வேண்டியிருக்கவில்லை.

பண்ணைகளிலும் மருந்துச்சாலைகளிலும்

இவ்விளைவின் நேரடிப் பயன் தடுப்பூசித் தயாரிப்பில் உள்ளது. முட்டையில் வளர்க்கப்படும் தீநுண்மிக்கு விதை நீர்மத்தை எப்போதும் நன்கு நீர்த்தே செலுத்துகின்றனர். அதே நீர்மத்தை நீர்க்காமல் மீண்டும் மீண்டும் மாற்றுவதைத் தவிர்க்கின்றனர். கோழிகளின் வெள்ளைக்கழிச்சல் எனப்படும் இராணிக்கெட் நோய்க்கு இராணிப்பேட்டை கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிறுவனம் முட்டைகளில் தடுப்பு மருந்து தயாரித்து வந்துள்ளது. உயிருள்ள தீநுண்மியைக் கொண்ட அத்தகைய மருந்தில் தொற்றுத்திறன் குறைந்தால் பண்ணையாளருக்குக் கிடைப்பது பெயரளவு மருந்தே.

மாட்டுக்கு வரும் கோமாரி நோயிலும் வெற்றுத் துணிக்கைகள் உள்ளன. மரபுப்பொருள் இல்லாத வெற்றுறை மையவிலக்கியில் 75 அலகு வேகத்திலும், முழுத் துணிக்கை 146 அலகு வேகத்திலும் படிகின்றன. தடுப்பூசியின் வலிமையை முழுத் துணிக்கைகளின் அளவைக் கொண்டே மதிப்பிடுகின்றனர். இவ்வெற்றுறைகள் தோன்றும் விதம் வான் மாக்னஸ் விளைவினின்று வேறானது. அளக்கும் கொள்கை ஒன்றே. இந்நோய் குறித்த ஆய்வும் தடுப்பூசிப் பணியும் ஓசூரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூர் எப்பாலில், இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தின் வளாகத்தில் நடைபெறுகின்றன.

குறைத்துணிக்கைகள் ஆய்வகத்துக்கு வெளியேயும் செயற்படக்கூடும் என்பதற்குக் கோழிப் பண்ணைகளிலிருந்தே ஒரு சான்று கிடைத்தது. 1983 ஆம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் தோன்றிய பறவைக் காய்ச்சல் முதலில் மென்மையாக இருந்தது. அக்டோபரில் அது கொடியதாக மாறிப் பண்ணைகளை அழித்தது. ஒரு கோடியே எழுபது லட்சம் பறவைகள் இறந்தன அல்லது கொல்லப்பட்டன. ஏப்ரல் மாதத் தீநுண்மியில் குறைத்துணிக்கைகளுக்கு உரிய குறுகிய ஆர்.என்.ஏ.க்கள் இருந்தன. அக்டோபர்த் தீநுண்மியுடன் அதைக் கலந்து கோழிகளுக்குக் கொடுத்தபோது இறப்பு குறைந்தது. கொடுமைக்கு அடிப்படைக் காரணம் மேலுறைப் புரதத்தில் நிகழ்ந்த சிறு மாற்றமே என்று பின்னர் தெரிந்தது. எனினும் குறைத்துணிக்கைகள் தொடக்கத்தில் நோயை அடக்கி வைத்திருக்கலாம் என்ற கருத்து நிலவுகிறது.

இக்கதை ஓசூர் வட்டாரத்துப் பண்ணையாளர்க்குத் தொலைவானதன்று. 2012 ஆம் ஆண்டு அக்டோபரில் பெங்களூரை அடுத்த எசரகட்டாவிலுள்ள நடுவண் அரசுக் கோழிப் பண்ணையில் எச்5என்1 பறவைக் காய்ச்சல் உறுதி செய்யப்பட்டு, அங்கிருந்த பறவைகள் அழிக்கப்பட்டன. பெங்களூரிலிருந்து தமிழகத்துக்குள் நுழையும் முதன்மைச் சாலை ஜூஜூவாடி வழியாக ஓசூருக்கே வருகிறது. ஓசூர் மத்திகிரியில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கோழியின உற்பத்தி மற்றும் மேலாண்மைக் கல்லூரி இயங்குகிறது.

குறைத்துணிக்கைகளையே மருந்தாக்கும் முயற்சியும் நடந்து வருகிறது. இங்கிலாந்தின் வாரிக் பல்கலைக்கழகத்தில் நைஜல் டிம்மொக் குழுவினர் 395 எழுத்துகளே கொண்ட, 244 என்று எண்ணிடப்பட்ட ஆர்.என்.ஏ.யைத் தாங்கிய துணிக்கைகளை எலிகளின் மூக்கில் செலுத்தி, உயிர்க்கொல்லி அளவு இன்ஃபுளுயன்சாவிலிருந்து அவற்றைக் காத்தனர். அந்த ஆர்.என்.ஏ. துண்டும், மாக்னஸ் முட்டைகளில் வளர்த்த பி.ஆர்.8 குலத்திலிருந்து பெறப்பட்டதே.